அணுக்கரு எவ்வளவு வேகமாகச் சுழலலாம்?

(எமது வானொலியின் அறிவியல் நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வீடுகளில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் உடுப்பைப் பிழிவதற்காக அது சுழலும்போது நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 23 சுற்று. அதற்கே குசினி நிலம் அதிர்கிறது. வானத்திலே நியூத்திரன் நட்சத்திரம் என்று ஒரு வகை உண்டு. சூரியனைவிடக் கனம் கூடியது, ஆனால் ஒரு நகரத்தின் அளவுதான் இருக்கும். அவற்றில் ஒன்று செக்கனுக்கு 716 தடவை சுழல்வதாக 2006ஆம் ஆண்டு அறிவித்தார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டையும் எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். செக்கனுக்கு எத்தனை சுற்று என்றால், 1 என்று எழுதி அதற்குப் பின்னால் 20 சைபர் போடுங்கள். அத்தனை சுற்று. அதுதான் அணுவின் நடுவிலே இருக்கின்ற அணுக்கரு.

எந்தப் பொருளைச் சுழற்றினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அது தாங்காது. பம்பரம் சாயும், சில்லு உடையும், ஈர மண் தெறிக்கும். அப்படியென்றால் அணுக்கரு எதுவரை தாங்கும்? அந்த எல்லையை நெருங்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கணக்கு வரும், ஆனால் கூட்டல் கணக்குத்தான். ஆகவே ஒருவரும் வானொலியை மூடிவிட வேண்டாம்.

முதலில் அணுக்கரு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணுவின் நடுவில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் சிறு உருண்டைதான் கரு. அணுவை விடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. இன்றைய உரையின் கதாநாயகன் எர்பியம் 158 என்ற கரு. அதில் 68 புரோத்தன்கள், 90 நியூத்திரன்கள், மொத்தம் 158 துணிக்கைகள்.

உருண்டை என்று சொன்னேன். ஆனால் எல்லாக் கருக்களும் உருண்டை அல்ல. சில கருக்கள் றகர் பந்து மாதிரிக் கொஞ்சம் நீண்டிருக்கின்றன. இது 1950களின் தொடக்கத்தில் தெளிவானது. அமெரிக்காவில் ஜேம்ஸ் றெயின்வோட்டர், டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் ஓகே போர், பென் மொற்றல்சன் ஆகிய மூவரும் இதற்காக 1975இல் நோபல் பரிசு பெற்றார்கள். வடிவம் ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். முழு உருண்டையான, எந்த அடையாளமும் இல்லாத பந்து ஒன்றைச் சுழற்றிவிட்டால் அது சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எங்களுக்கு அது கண்ணின் குறைபாடு. அணுக்கருவின் உலகத்திலோ அது இயற்கையின் விதி. வேறுபாடு காட்ட முடியாத சுழற்சி அங்கே சுழற்சியே அல்ல. ஆகவே நீண்ட கருதான் முழுக் கருவாகச் சேர்ந்து சுழல முடியும்.

அடுத்தது, சுழற்சியை எப்படி அளப்பது? கோண உந்தம் என்று உயர்தர வகுப்பில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுழலும் பொருளிடம் எவ்வளவு சுழற்சி சேர்ந்திருக்கிறது என்பதன் அளவு அது. இயற்கையில் இதற்கு ஒரு மிகச் சிறிய அலகு உண்டு. பிள்ளைகள் விடுகின்ற பம்பரத்தில் அந்த அலகுகளை எண்ணினால் ஏறத்தாழ 30 சைபர் கொண்ட எண் வரும். அணுக்கருவிலோ பத்து, இருபது, அறுபது என்று விரல்விட்டு எண்ணலாம். நாங்கள் பார்க்கப்போகும் வகைக் கரு 0, 2, 4, 6 என்று படிகளில்தான் சுழற்சியை வைத்திருக்கும். மூன்றரை என்றோ ஐந்தேகால் என்றோ நடுவில் நிற்காது.

மேல்படியில் இருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு காமாக் கதிரை வெளியே விடும். அந்தக் கதிர்களின் சக்தியிலே ஓர் ஒழுங்கு இருக்கிறது. கீழ்ப்படியில் இருந்து பார்த்தால் 3, 7, 11, 15 என்ற விகிதத்தில், நான்கு நான்காகக் கூடிக்கொண்டு போகும். இந்த ஒழுங்கைக் கண்டால் கரு சுழல்கிறது என்று அறியலாம். படிகளின் இடைவெளி நெருக்கமா விலகலா என்பதை வைத்து அதன் வடிவத்தையும் கணிக்கலாம். ஒருவரும் கருவைக் கண்ணால் கண்டதில்லை. வீட்டுக்குள் ஒருவர் படியிறங்கும் சத்தத்தை வெளியே நின்று கேட்டே, படி எத்தனை, படிக்குப் படி உயரம் எவ்வளவு என்று சொல்வது போன்ற வேலை இது.

சரி, கருவை எப்படிச் சுழற்றுவது? கையால் முறுக்கிவிட முடியாது. ஒரு கருவை இன்னொரு கருவின்மேல், நேர் நடுவில் இடிக்காமல், ஓரமாக மோதவிட வேண்டும். ஓடிவருகிற ஆளின் தோளில் இன்னொருவர் தோள் இடித்தால் இருவரும் சுழன்றுவிடுவார்கள் அல்லவா, அதேதான். கல்சியம் 48 என்ற கருவை ஆர்முடுக்கி இயந்திரத்தில் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்து, கட்மியம் 114 என்ற உலோகத்தின் மெல்லிய தகட்டில் மோதவிடுகிறார்கள். கல்சியத்தில் 20 புரோத்தன், கட்மியத்தில் 48. கூட்டினால் 68, அதாவது எர்பியம். மொத்தத் துணிக்கைகள் 48உம் 114உம் சேர்ந்து 162. கொதிக்கும் நீரில் இருந்து ஆவி போவதுபோல் நான்கு நியூத்திரன்கள் பறந்துபோக எஞ்சுவது 158. பறந்துபோன நியூத்திரன்கள் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகின்றனவே தவிர, சுழற்சியை அதிகம் எடுத்துப் போவதில்லை. ஆகவே எஞ்சிய கரு அசுர வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பிறகு முப்பது வரையான காமாக் கதிர்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிட்டுக் கீழே இறங்கி ஓய்ந்துவிடும். எல்லாம் கண் இமைப்பதற்குள் அல்ல, அதிலும் பல கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள்.

இனித்தான் சுவாரசியமான இடம். 1971ஆம் ஆண்டு, சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் ஜோன்சன், றீட, ஸ்ரார்க்கியர் ஆகிய மூவர் டிஸ்புரோசியம் 160 என்ற கருவின் படிகளை அளந்தார்கள். கீழே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பதினான்கு, பதினாறாவது அலகுகளை அண்டிய இடத்தில் ஒழுங்கு குலைந்தது. சுழற்சியின் அளவு கூடுகிறது, ஆனால் சுழலும் வேகம் குறைகிறது. மறுபக்கமாகச் சொன்னால், சுழற்சியை இழந்து இறங்கிவரும் கரு அந்த இடத்துக்கு வந்ததும் வேகம் கூடிச் சுழல்கிறது. தாளில் வரைந்து பார்த்தபோது கோடு முன்னால் போகாமல் பின்னால் வளைந்தது. ஆகவே இதைப் பின்வளைவு என்று அழைத்தார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். ஒரு பச்சை முட்டை, ஓர் அவித்த முட்டை இரண்டையும் மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். அவித்த முட்டை முழுதாகச் சுழலும். பச்சை முட்டையில் கோது சுழல, உள்ளே இருக்கும் திரவம் உடனே சேர்ந்து வராது. மெதுவாகச் சுழலும் கரு பச்சை முட்டை மாதிரி. உள்ளே புரோத்தன்கள் இரண்டிரண்டாகவும் நியூத்திரன்கள் இரண்டிரண்டாகவும் சோடி சேர்ந்திருக்கின்றன. ஒன்று வலம் சுற்றினால் மற்றது இடம் சுற்றும். இரண்டின் சுழற்சியும் ஒன்றையொன்று அழித்துவிடும். கோலாட்டத்தில் இரண்டிரண்டு பேராக எதிரெதிர் திசையில் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆடுகிற மேடையே வேகமாகச் சுழலத் தொடங்கினால்? ஓரளவு வரைக்கும் சோடிகள் சமாளிக்கும். அதற்கு மேல் ஒரு சோடி பிரிந்து, இருவருமே மேடை சுழலும் திசையில் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். 1972இல் பேர்க்லியைச் சேர்ந்த ஸ்ரீபன்ஸ், சைமன் என்ற இருவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான். ஒரே ஒரு நியூத்திரன் சோடி பிரிந்து திரும்பினாலே 12 அலகு சுழற்சி கிடைத்துவிடும். அத்தனை அலகு சும்மா கிடைத்தால் முழுக் கருவும் அவசரப்பட்டுச் சுழலத் தேவையில்லை. வேகம் குறைகிறது.

எர்பியம் 158இல் இந்தத் திருப்பம் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 14ஐ அண்டி ஒரு தடவை, 28ஐ அண்டி இன்னொரு தடவை. சோடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சுழற்சியின் பக்கம் சேர்கின்றன. அப்படியானால் ஒரு நாள் பிரிவதற்குச் சோடியே இல்லாமல் போகாதா? போகும். அந்த இடத்தைக் கூட்டல் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம்.

சிறிய கருவோடு தொடங்குவோம். நியோன் 20. அதன் உள்ளே ஒட்சிசன் 16 இறுக்கமான ஓர் உருண்டையாக இருக்கிறது. அதற்குச் சுழற்சி கிடையாது. வெளியே மிச்சம் இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும். அவை ஓடும் பாதையில் ஒரு துணிக்கை தரக்கூடிய ஆகக்கூடிய சுழற்சி இரண்டரை. இரண்டு புரோத்தனும் ஆளுக்கு இரண்டரை தந்தால் ஐந்து என்று நினைப்பீர்கள். அது முடியாது. ஒரே வகைத் துணிக்கைகள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்று 1925இல் பாவுலி என்ற அறிஞர் ஒரு தத்துவத்தைச் சொன்னார். ஒரு கதிரையில் ஒருவர்தான். முதலாவது இரண்டரை எடுத்தால் அடுத்தது ஒன்றரைதான் எடுக்கலாம். இரண்டரையும் ஒன்றரையும் நான்கு. நியூத்திரனுக்கும் அதேபோல் நான்கு. மொத்தம் எட்டு. நியோன் 20இன் அந்தச் சுழற்சிப் படிகள் எட்டோடு முடிகின்றன. அளந்து பார்த்தும் அப்படித்தான்.

இப்போது எர்பியம் 158. அதன் உள்ளே கடோலினியம் 146 என்ற இறுக்கமான கரு இருக்கிறது. 64 புரோத்தன், 82 நியூத்திரன். வெளியே மிச்சம் 4 புரோத்தன், 8 நியூத்திரன். நான்கு புரோத்தன்களும் ஐந்தரை, நான்கரை, மூன்றரை, இரண்டரை தருகின்றன. கூட்டினால் 16. எட்டு நியூத்திரன்கள் மூன்று பாதைகளில் இருக்கின்றன. முதல் பாதையில் இரண்டு, ஆறரையும் ஐந்தரையும், 12. அடுத்ததில் மூன்று, நான்கரை, மூன்றரை, இரண்டரை, பத்தரை. மற்றதில் மூன்று, மூன்றரை, இரண்டரை, ஒன்றரை, ஏழரை. பன்னிரண்டும் பத்தரையும் ஏழரையும் 30. புரோத்தனின் 16ஐச் சேர்த்தால் 46.

பரிசோதனையில் 1980களில் கண்டதும் 46தான். பேனையும் கடதாசியும் இருந்தால் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய இந்தக் கணக்கும், பெரிய இயந்திரத்தில் அளந்த பெறுமானமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. நான் இந்தத் துறையில் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

46க்கு வந்ததும் கருவின் வடிவமும் மாறிவிடுகிறது. றகர் பந்தாக இருந்தது மெல்ல மெல்லத் தடித்து, மேலும் கீழும் அமுங்கிய பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுகிறது. காம்பையே அச்சாக வைத்துச் சுழலும் பூசணிக்காய். முன்னே சொன்னேன், வேறுபாடு காட்ட முடியாத சுழற்சி சுழற்சியல்ல என்று. வெளியே உள்ள 12 துணிக்கைகளும் தங்கள் முழுப் பங்கையும் கொடுத்துவிட்டன. முழுக் கருவாகச் சேர்ந்து சுழல்வது அங்கே முடிந்துபோகிறது. அறிஞர்கள் இதைச் சுழற்சிப் பட்டையின் முடிவு என்கிறார்கள்.

அப்படியானால் 46தான் உச்ச எல்லையா? இல்லை. அது வெளியே நிற்கும் பன்னிரண்டு பேரின் எல்லை. உள்ளே இருக்கும் 146 பேரும் அசையத் தொடங்கினால் கணக்கு மாறும். ஆனால் இறுக்கமாக இருப்பவர்களைக் கிளப்பிவிட அதிக சக்தி வேண்டும்.

இதற்கு இன்னொரு வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். வோறிங்ரன் நகருக்குப் பக்கத்தில் டாரஸ்பெரி என்று ஒரு கிராமம். அங்கே 70 மீற்றர் உயரக் கோபுரத்துக்குள் ஒரு ஆர்முடுக்கி இருந்தது. 1986இல் பீற்றர் ருவினும் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மற்றவர்களும் கல்சியம் 48ஐப் பலேடியம் 108இல் மோதவிட்டு டிஸ்புரோசியம் 152ஐ உண்டாக்கினார்கள். வந்த காமாக் கதிர்களுக்குள்ளே 19 கதிர்கள், சீப்பின் பற்கள் மாதிரி, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன. 602 கிலோ இலத்திரன்வோல்ற்றில் தொடங்கி 1449 வரை, 47 அளவான இடைவெளியில். அவ்வளவு நெருக்கமான படிகள் என்றால் கரு மிகவும் நீண்டிருக்க வேண்டும். அகலம் ஒன்று, நீளம் இரண்டு. சுழற்சி 60 அலகு வரை. இதைப் பேருருத்திரிபு என்று சொல்லலாம். அந்தப் படிகள் சாதாரணப் படிகளோடு எங்கே வந்து சேர்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க மேலும் 16 ஆண்டுகள் எடுத்தன. 2002இல்தான் இரண்டையும் இணைக்கும் ஒரேயொரு கதிர் அமெரிக்காவில் அகப்பட்டது.

டாரஸ்பெரியின் அந்த ஆர்முடுக்கி 1993இல் மூடப்பட்டது. ஆட்களும் கருவிகளும் பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா என்று பல இடங்களுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தன. அமெரிக்காவில் காமாஸ்பியர் என்ற கருவியைக் கட்டினார்கள். மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றிவர, எல்லாத் திசையையும் பார்த்தபடி, திரவ நைதரசனால் குளிராக்கப்பட்ட 110 ஜேர்மானியம் உணரிகள். ஒரே கணத்தில் வரும் பல கதிர்களைச் சேர்த்துப் பிடித்து, எது எதனோடு வந்தது என்று பார்க்கலாம். கூட்டமான கோயில் வீதியில் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிப்பதுபோல, ஆயிரம் பேருக்குள் ஒன்றாக வரும் ஐந்தாறு பேரைத் தேடுவது.

அந்தக் கருவியைக் கொண்டு, லிவர்பூல் அறிஞர்களும் சேர்ந்த பன்னாட்டுக் குழு 2007இல் எர்பியம் 158ஐயும் அதன் பக்கத்துக் கருவான எர்பியம் 157ஐயும் மீண்டும் பார்த்தது. 46க்கு மேலே என்ன இருக்கிறது என்ற கேள்வி அதுவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கிடந்தது. பதில் கிடைத்தது. பட்டை முடிந்த கருவிலேயே, அதற்கும் மேலே, மிக மெலிதாகப் புதிய சுழற்சிப் படிகள். ஏறத்தாழ 65 அலகு வரை போகின்றன. பூசணிக்காயாகி ஓய்ந்த கரு, உள்ளே இருந்தவர்களையும் கிளப்பிக்கொண்டு, மூன்று பக்கமும் மூன்று அளவாக நீண்ட புது உருவம் எடுத்து மறுபடி முழுதாகச் சுழல்கிறது. 2011இல் அந்த உருவத்தின் நீட்சியை அளந்தபோது, முதலில் போட்ட கணிப்பைவிட அது அதிகமாக நீண்டிருந்தது. அறிமுறையாளர்களுக்கு இது இன்னொரு வீட்டுவேலை.

இப்போது கடைசி எல்லைக்கு வருவோம். அணுக்கரு ஒரு நீர்த்துளி மாதிரி. அதைப் பிடித்துவைத்திருப்பது ஒருவகை மேற்பரப்பிழுவிசை. உடைக்கப் பார்ப்பது புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை. அதோடு சுழற்சியும் சேர்ந்தால் வெளியே இழுக்கும் வேகமும் கூடுகிறது. 1974இல் கோகன், பிளாசில், சுவியாத்தெக்கி என்ற மூவர் இதைக் கணக்கிட்டார்கள். துளி முதலில் பூமியைப்போல் அமுங்கும், பிறகு மூன்று அச்சும் வேறுபட்டு நீளும், கடைசியில் இரண்டாகப் பிளக்கும். யுரேனியம் போன்ற பாரமான கருவில் புரோத்தன்களின் தள்ளல் ஏற்கெனவே அதிகம், அது அதிக சுழற்சியைத் தாங்காது. மிகச் சிறிய கருவிலும் இடமில்லை. ஏறத்தாழ 130 துணிக்கைகள் கொண்ட நடுத்தரக் கருவே ஆகக் கூடுதலாகத் தாங்கும். அந்தக் கணக்கில் அதன் எல்லை 100 அலகை அண்டி வருகிறது. உண்மையில் அந்த இடத்துக்குப் போகமுன்னரே பெரும்பாலான கருக்கள் பிளந்துவிடும். ஆகவே கருவின் சுழற்சிக்கு எல்லை எங்கே என்று கேட்டால் இரண்டு பதில். துணிக்கைகள் தரக்கூடியதைத் தந்து முடிக்கும் இடம் ஒன்று. துளி தாங்காமல் பிளக்கும் இடம் மற்றது.

நேயர்களே, இந்த உரையை நான் எழுதக் காரணம் ஒரு தாயார். சில மாதங்களுக்கு முன் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் கெட்டிக்காரி, மருத்துவத்துக்கு இடம் கிடைக்கும், ஆனால் அணுக்கருப் பௌதிகம் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள் என்றார். பிறகு ஒரு வசனம் சொன்னார். "நாங்கள் குண்டுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் கிடந்து ஓடிவந்த ஆக்கள் தம்பி. பிள்ளை அதையே படிக்கிறதோ?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிவிட முடியாது. ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. கரு நீர்த்துளிபோலப் பிளக்கும் என்று முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் லீசே மைற்னர் என்ற பெண். யூதக் குடும்பத்தில் பிறந்ததால் 1938இல் நாசிகளிடமிருந்து தப்பி, சுவீடனுக்கு ஓடியவர். அந்த ஆண்டு நத்தார் விடுமுறையில், அவரைப்போலவே நாடுவிட்டு வந்திருந்த சகோதரியின் மகன் ஓற்றோ பிறிஷ்சோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டார். ஆறு ஏழு ஆண்டுகளில் அந்த அறிவிலிருந்தே குண்டு வந்தது. நான் முன்னே சொன்ன ஓகே போரும் அகதியாக ஓடியவர்தான். தந்தை நீல்ஸ் போரின் தாயார் யூதர். 1943இல் குடும்பம் டென்மார்க்கில் இருந்து கடல்வழியாகச் சுவீடனுக்குத் தப்பியது. அப்போது ஓகே போருக்கு 21 வயது, படிப்பு இடையில் நின்றுபோனது. பிறகு தந்தையோடு அமெரிக்கா போய், குண்டு செய்த லொஸ் அலமொஸ் நிலையத்திலும் இருந்தார். போர் முடிந்து 1945இல் ஊர் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, கரு எப்படிச் சுழல்கிறது என்று ஆராய்ந்தார். லீசே மைற்னரைக் குண்டு வேலைக்கு அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார்.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். அம்மா, அந்தப் பாடத்துக்குள் குண்டும் இருக்கிறது என்பது உண்மை. அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பாடம் குண்டு அல்ல. இன்று அரை மணித்தியாலமாக நான் சொன்னதில் எங்கேயும் குண்டு வரவில்லை. சின்னஞ்சிறு பொருளொன்று எப்படிச் சுழல்கிறது என்று அறிவதற்காக, ஸ்ரொக்ஹோமிலும் லிவர்பூலிலும் கொப்பன்ஹேகனிலும் ஆட்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காமாக் கதிர்களை எண்ணியிருக்கிறார்கள். அந்த வேலையில் பழகியவர்களே பின்னர் ஆசுப்பத்திரிகளில் புற்றுநோயைப் படம் பிடிக்கும் கருவிகளோடும், கதிர்வீச்சுச் சிகிச்சையின் அளவைச் சரிபார்க்கும் பகுதியிலும் வேலை செய்கிறார்கள். மருத்துவம் படித்தால்தான் நோயாளிக்கு உதவலாம் என்றில்லை.

வேலை கிடைக்குமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். அது நியாயமானது. டாரஸ்பெரியின் ஆர்முடுக்கியை மூடியபோது நல்ல நல்ல ஆட்களே இடம் மாற வேண்டி வந்தது. இந்தத் துறையில் நிலையான ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு. அதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள், அவளுடைய ஆசிரியரிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முதல் ஒரு நாள், அவள் படிக்க விரும்புவது என்ன என்று உங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். தமிழ்ச் சொல் தெரியாமல் தடுமாறினால் பொறுமையாக இருங்கள். இடையிடையே மற்ற மொழி வந்தாலும் பரவாயில்லை. பச்சை முட்டையையும் அவித்த முட்டையையும் மேசையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். 46 என்ற கணக்கை அவளையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.

இந்த உரையைப் பற்றிய கேள்விகளை வழமைபோல் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். மாணவர்கள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த மாதம் நியூத்திரன் நட்சத்திரங்கள் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். அவையும் மெல்ல மெல்லச் சுழற்சி குறைந்துவரும்போது திடீரென ஒரு கணம் வேகம் கூடுவதுண்டு. ஏன் என்று இன்றைய உரையைக் கேட்டவர்கள் அதற்கிடையில் யோசித்து வையுங்கள்.